விடியற்காலை பஸ்

கட்சி என்று ஒன்று இருந்தால் அதில் இரண்டு கோஷ்டி இருக்கும். இரண்டு கோஷ்டி இருந்தால் தேர்தலுக்குத் தேர்தல் சட்டை கிழியும். இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொகுதியில் அந்தத் தடவை சண்டை முற்றிப் போயிற்று. அங்கே ஒரு கோஷ்டிக்கு மாமனார் தலைமை, மற்றதற்கு அவருடைய மருமகன். மாமனார் கோஷ்டி நிறுத்துகிற ஆளைத் தோற்கடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பேன் என்றது மருமகன் கோஷ்டி. மருமகன் கோஷ்டி நிறுத்துகிற ஆள் தெருவில் நடமாடிவிடுவானா பார்க்கிறேன் என்றது மாமனார் கோஷ்டி. தலைநகரத்தில் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். யோசிக்கும்போது சட்டைப் பொத்தானைத் திருகுவது அவருக்குப் பழக்கம். அன்றைக்கு எவ்வளவு திருகியும் பொத்தான் கையோடு வரவில்லை. கட்சியில் பிடுங்கினாலும் வராத ஒன்று இருக்கிறதா என்று அவருக்கே ஆச்சரியமாகப் போயிற்று. இந்தச் சட்டையைத் தைத்தது யார் என்று விசாரித்தார்.

தைத்தவர் அதே தொகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒற்றை மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரர். கட்சிக் கொடி, மேடைக்குப் பின்னால் கட்டுகிற துணி, தொண்டர்களின் சட்டை எல்லாம் அவர் கைவேலை. மாமனாருக்கு இடுப்பு ஏறியதும் மருமகனுக்குக் கழுத்து தடித்ததும் அவருக்குத் தெரியும். ஒருவர் அளவை இன்னொருவரிடம் சொன்னதில்லை. அரசியலில் அவருக்கு இருந்த தகுதி இவ்வளவுதான். எந்தப் பக்கமும் இல்லாதவன் எந்தப் பக்கமும் வாய் திறக்க மாட்டான் என்று மேலிடம் அவரையே நிறுத்த முடிவு கட்டியது. இரண்டு கோஷ்டியும், எதிரி ஜெயிப்பதைவிட இந்த அப்பாவி ஜெயிக்கட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டன.

ஊரில் அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் பக்கத்துக் கடைச் சவரக்காரர், சின்ன வயதிலிருந்து சேக்காளி. 'கத்திரி ரெண்டு பேர்கிட்டயும் இருக்குது, பேர் மட்டும் எனக்கா?' என்று தையல்காரர் கேட்பார். 'முடி திரும்ப வளரும்டா. நீ வெட்டினா வெட்டினதுதான்' என்பார் சவரக்காரர். மத்தியானம் வேலை ஓய்ந்த நேரத்தில் இரண்டு பேரும் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடிப்பார்கள். அதற்கு மேல் ஒரு வாழ்க்கை உண்டு என்று தையல்காரர் நினைத்ததே இல்லை.

தேர்தலில் நிற்கச் சொல்லி ஆள் வந்தபோது முதலில் மனைவியிடம்தான் ஓடினார். ரெடிமேட் துணி வந்து தையல் படுத்த பிறகு, அதே ரெடிமேட் துணி தைக்கிற ஆலையில் அந்த அம்மாள் வேலைக்குச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. ஆலை ஊருக்கு வெளியே. காலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஊரிலிருந்து முதல் பஸ்ஸோ ஏழு மணிக்குத்தான் கிளம்பும். ஆகவே தெருப் பெண்களெல்லாம் இருட்டோடு எழுந்து, லாரி பறக்கிற பெரிய சாலையின் ஓரத்தில் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்து போவார்கள். கதவு சாத்திய பிறகு வந்தால் அரை நாள் கூலி போச்சு. அடிக்கடி பிந்தினால் வேலையே போச்சு. அடுத்த வீட்டு மருமகளை அந்தச் சாலையில் ஒரு லாரி தட்டிவிட்டுப் போய்விட்டது. அவள் இப்போது கோல் ஊன்றி நடக்கிறாள். அதே சாலையில்தான் நடக்கிறாள்.

மனைவி துவைத்த துணியை உதறிக் கொடியில் போட்டபடியே கேட்டுக்கொண்டாள். "நிக்கறதுன்னா நில்லுங்க. நான் வேண்டாம்னா விடவா போறாங்க. ஆனா ஜெயிச்சா ஒண்ணே ஒண்ணு செஞ்சு குடுங்க. எங்க ஆலைக்கு விடியற்காலைல ஒரு பஸ். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்."

இது ஒரு பெரிய காரியமா என்று தையல்காரர் சிரித்தார். பாவம், அப்போது அவருக்கு உலகம் தெரியாது. மேடைக்கு மேடை அந்த ஒரு பஸ்ஸையே பேசினார். ஜெயித்தும் தொலைத்தார்.

ஜெயித்த மறுநாள் வழக்கம்போல டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். உட்காருங்கப்பா என்றால் யாரும் உட்காரவில்லை. அத்தனை நீள பெஞ்சில் அவர் மட்டும் உட்கார்ந்து டீ குடித்தார். கடைக்காரர் காசு வேண்டாம் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சரி, நம்ம ஆள் இருக்கிறானே என்று சவரக்கடைக்குப் போனால், சவரக்காரர் புதுத் துண்டை எடுத்துப் போர்த்தி, பேச்சே இல்லாமல் சவரம் பண்ணிவிட்டார். முடித்ததும் கண்ணாடியை முன்னால் பிடித்து, "சரியா இருக்குதுங்களா ஐயா?" என்று கேட்டார். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சி பேயறைந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கத்திரி என்று அவரைக் கூப்பிட ஊரில் ஆள் இல்லை. எல்லாருக்கும் அவர் ஐயா ஆகிவிட்டார். மனைவி மட்டும் பழையபடி 'என்னங்க' என்றாள்.

தலைநகரத்தில் சட்டமன்ற உறுப்பினர் விடுதியில் அவருக்கு ஓர் அறை கொடுத்தார்கள். ஓர் இரும்புக் கட்டில், கதவு சாத்தாத பீரோ, முன்னால் இருந்தவர் பொட்டு ஒட்டிவிட்டுப் போன ஒரு கண்ணாடி. பகலெல்லாம் அந்த அறைக்கு மனு கொண்டு வருகிறவர்கள் வருவார்கள், வேலை கேட்கிறவர்கள் வருவார்கள், கும்பிடுவார்கள், போவார்கள். ஒருவர்கூட 'சாப்பிட்டீங்களா?' என்று கேட்டதில்லை. சாயங்காலம் அவர் கை சும்மா இருக்காமல் ஜன்னல் திரையின் பிரிந்த ஓரத்தை மடித்துத் தைத்தார். தன் அறைத் திரை முடிந்ததும் நடையில் தொங்கிய திரைகளையும் தைத்தார். விடுதிக் காவலாளி அவரை யாரோ கூலிக்கு வந்தவர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு வார்த்தை நன்றாகப் பேசினார். உறுப்பினர் என்று தெரிந்ததும் அவரும் விறைத்து நின்றுவிட்டார். அதோடு அந்தப் பேச்சும் போயிற்று.

சட்டமன்றத்தில் அவருக்குக் கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால். கட்சி உறுப்பினர்களை மேய்க்கிற கொறடா முதல் நாளே பாடம் நடத்தினார். உறுப்பினர் செய்ய வேண்டியது மேசை தட்டுவது, கை தூக்குவது, எழுந்து வெளியே போவது, இவ்வளவுதான். எப்போது தட்டுவது என்று தையல்காரர் சந்தேகம் கேட்டார். பக்கத்து ஆள் தட்டினால் தட்டு என்றார் கொறடா. பக்கத்து ஆளும் என்னைப் பார்த்துத் தட்டலாம் என்று இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார் தையல்காரர். கொறடா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முன்வரிசையில் ஒருத்தர் ஆரம்பித்து வைப்பார், உனக்கு அந்தக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். முதல் கூட்டத்தொடரில் பேச்சு வரவில்லை. இறந்துபோன முன்னாள் உறுப்பினர்களுக்கு இரங்கல் சொல்வதிலேயே நாள் போயிற்று. இரண்டாவது தொடரில் எதிர்க்கட்சி வெளியே போனது. அதைக் கண்டித்து ஆளுங்கட்சியும் வெளியே போனது. அவைத்தலைவர் காலி நாற்காலிகளைப் பார்த்து அமைதி காக்கச் சொன்னார். மூன்றாவது தொடரில் தலைவரின் பிறந்தநாள் வந்தது. ஊரில் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வாரக் கடைசியில் மனைவி போனில் ஒன்றே ஒன்று கேட்பாள்: "பஸ் விஷயம் பேசியாச்சா?" அடுத்த வாரம் என்பார் இவர். அடுத்த வாரம் என்பது கிணற்றில் போட்ட கல்.

பேசுகிறவர்களாவது என்ன பேசுகிறார்கள் என்று அவர் தூணைச் சுற்றித் தலையை நீட்டிக் கேட்டார். அந்தச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. எதைக் கேட்பதானாலும் முதலில் தலைவரைப் புகழ வேண்டும். முன்னால் பேசியவர் புகழ்ந்ததைவிட ஒரு பிடி கூடுதலாகப் புகழ வேண்டும். குறைத்தால் மரியாதை இல்லை. ஒவ்வொருவருக்கும் கொடுப்பதோ இரண்டு நிமிஷம். ஒரு மலையோரத் தொகுதி உறுப்பினர், தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் டாக்டர் இல்லை என்று சொல்ல வந்தார். தலைவர் மூச்சு விடுவதால்தான் மலையில் காற்று வீசுகிறது என்று ஆரம்பித்தார். அவர் ஆட்சியில் நோய் என்ற சொல்லே மக்களுக்கு மறந்துபோயிற்று என்றார். ஆனால், என்றார். மணி அடித்துவிட்டது. அடுத்தவர் வெள்ளத்தைப் பற்றிப் பேச வந்தவர். மழை பெய்ததும் தலைவரால்தான், நின்றதும் தலைவரால்தான் என்று நிரூபித்துக் காட்டினார். ஆனால், என்றார். மணி. அந்த அவையில் எத்தனையோ வருஷமாக 'ஆனால்' என்ற சொல்லைத் தாண்டி ஒருவரும் போனதில்லை. அதற்கு அப்புறம் என்ன இருக்கும் என்றே அவைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்குத் தெரியாது.

நான்காவது தொடரில் ஒரு மத்தியானம் அவர் முறை வந்தது. அதற்குள் அவர் யோசித்து வைத்திருந்தார். துணி கொஞ்சமாக இருந்தால் முழுக்கைச் சட்டைக்கு ஆசைப்படக் கூடாது, அரைக்கையாக வெட்டிவிட வேண்டும். இரண்டு நிமிஷத் துணியில் புகழுக்கு முழுக்கை வைத்தால் உடம்புக்கு மிஞ்சாது. எழுந்து நின்றார்.

"தலைவருக்கு வணக்கம். எங்க ஊர்ல இருந்து ஆலைக்கு, விடியற்காலைல ஒரு பஸ் வேணும்."

உட்கார்ந்துவிட்டார்.

மணியை அடிக்கத் தூக்கிய அவைத்தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. மேசை தட்டலை ஆரம்பித்து வைக்கிற முன்வரிசைக்காரர், எதற்குத் தட்டுவது என்று தெரியாமல் கையைத் தூக்கி மூக்கைச் சொறிந்தார். இன்னும் பேச்சு வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. அப்போதுதான் எதிர்க்கட்சி வரிசைக்கு விஷயம் உறைத்தது: ஆளுங்கட்சிக்காரன் ஒருவன் தலைவருக்கு ஒரு வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டான். அவர்கள் மேசையை உடைகிற மாதிரி தட்டினார்கள். தையல்காரர் அதுவும் வழக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்து அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டார். சும்மா இருந்திருக்கலாம்.

சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் அதே பேச்சு. ஆளுங்கட்சியில் விரிசல் என்றது ஒரு செய்தி. ஒற்றைச் சொல் புரட்சி என்றது இன்னொன்று. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. விடுதிச் சாப்பாட்டு அறையில் அவர் தட்டை வைத்த மேசையிலிருந்து மற்றவர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவரோடு சாப்பிட்டதை யாராவது பார்த்துவிட்டால் வம்பு. அதுவரை அவரோடு யாரும் பேசாதது அலட்சியத்தால். இப்போது பேசாதது பயத்தால். அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் கட்சி அலுவலகத்தில் விசாரணை. மூன்று மூத்தவர்கள் குளிர்சாதன அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் நடுவில் இருந்தவர் கொள்கை பரப்புகிறவர். அவருக்குத்தான் கோபம் அதிகம்.

"தம்பி, நாங்க முப்பது வருஷமா சபைல பேசறோம். இதுவரைக்கும் ஒரு தடவையாவது ஏதாவது கேட்டிருக்கோமா? கேட்டா என்ன அர்த்தம்? அது இல்லைன்னு அர்த்தம். தலைவர் ஆட்சில ஒரு பொருள் இல்லைன்னு சபைக் குறிப்புல ஏத்திட்டீங்களே. இனி அதை எந்த சோப்பு போட்டுக் கழுவறது?"

ஐயா, நிஜமாகவே பஸ் இல்லைங்க என்றார் தையல்காரர். நிஜத்தைப் பற்றி யார் கேட்டார்கள் என்று ஓரத்தில் இருந்தவர் வருத்தப்பட்டார். அப்புறம் மூன்று பேரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, விஷயத்துக்கு வந்தார்கள். உன் பின்னால் இருப்பது யார்? மாமனாரா, மருமகனா, எதிர்க்கட்சியா? எத்தனை உறுப்பினர்கள் உன்னோடு?

"யாரும் இல்லீங்க. நான் தனியாத்தான் இருக்கேன்."

அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் மனசு விட்ட வார்த்தை அதுதான். மூத்தவர்கள் ஒருவரை ஒருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள். தனியாக இருக்கிறவன் இப்படித் தைரியமாகத் தனியாக இருக்கிறேன் என்று சொல்ல மாட்டான், பெரிய கூட்டம் இருக்கிறது என்று அறிக்கை எழுதி மேலே அனுப்பினார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது அவர்களுக்குத் தொழில்.

தலைவர் அவரை வீட்டுக்கே கூப்பிட்டனுப்பினார். பெரிய வீடு. அறைக்கு அறை ஆள் நின்றார்கள். கடைசி அறையில் தலைவர் மட்டும் ஒரு சோபாவில், பழைய சட்டையோடு, காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். தையல்காரரைப் பார்த்துப் பேசினார்.

"நானும் முதல் தடவை உள்ள வந்தப்ப ஏதோ ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். ஒரு பாலமா, பள்ளிக்கூடமா, இப்ப ஞாபகம் இல்லை. அதை மறந்த வருஷம்தான் என்னை மந்திரி ஆக்கினாங்க. நீ இன்னும் மறக்கலை. மறக்காதவனை வெளிய விட்டு வெச்சா எனக்குத் தூக்கம் வராது. உள்ள வந்துடு. போக்குவரத்தை நீயே பாத்துக்க. பஸ்தானே கேட்ட?"

ஒரு பஸ் போதுங்க என்று தையல்காரர் மன்றாடினார். தலைவர் சிரித்தார். ஒரு பஸ் போதும் என்று நிஜமாகவே ஒருவன் சொல்ல முடியும் என்பதை அவர் நம்பவே இல்லை. தையல்காரர் கிளம்பும்போது தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுக் காட்டி, நல்ல கை உனக்கு என்றார். அந்த வீட்டில் தலைவரோடு சாப்பிட ஒருவரும் இல்லை என்பதைத் தையல்காரர் கவனித்தார். நீளமான மேசையின் ஒரு மூலையில் ஒற்றைத் தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. ஏனோ அதைப் பார்த்து அவருக்குக் கிலி பிடித்தது.

ஆகக் கத்திரி அமைச்சர் ஆனார். அமைச்சர் போட்ட முதல் கையெழுத்து விடியற்காலை பஸ்ஸுக்கு. துறைச் செயலாளர் நல்ல மனிதர். எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். பஸ் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், டீசல் இருக்கிறது, ஆனால் தேவை இருக்கிறதா என்று ஆய்வு செய்ய வேண்டும் என்றார். ஆய்வுக் குழு அலுவலக நேரத்தில் போய், பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை குடை பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நின்றது. ஒரு பெண்ணும் நடந்து போகவில்லை. நடந்து போக யாரும் இல்லாத சாலைக்குப் பஸ் எதற்கு என்று அறிக்கை வந்தது. விடியற்காலையில் போய்ப் பாருங்கள் என்றார் அமைச்சர். விடியற்காலையில் அலுவலகம் கிடையாதே என்று செயலாளர் மெத்தப் பணிவாகச் சொன்னார். இருந்தாலும் அமைச்சர் ஆசைப்படுகிறார் என்பதால் பஸ்ஸுக்கு அனுமதி கொடுத்துவிடலாம், தொடக்க விழா மட்டும் நடத்திவிட வேண்டும். தொடங்கி வைக்காத பஸ் சட்டப்படி ஓடாத பஸ்.

தொடங்கி வைப்பவர் தலைவர். தலைவர் எழுந்திருப்பது ஒன்பதரைக்கு. ஆகவே விடியற்காலை பஸ் பதினொரு மணிக்குத் தொடங்கி வைக்கப்பட்டது.

பஸ்ஸைச் சுற்றிப் பூ. நெற்றியில் தலைவரின் படம், டிரைவருக்குச் சாலை தெரிய ஒரு சாண் கண்ணாடி மட்டும் மிச்சம். ஆலைப் பெண்கள் ஆலைக்குள் வேலையில் இருந்ததால், கையசைக்க வேறு ஊரிலிருந்து பெண்களைக் கொண்டுவந்து ஆலைச் சீருடை மாட்டி நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சீருடைகளைத் தைத்ததும் அந்த ஆலைப் பெண்கள்தான். மாமனார் கோஷ்டி இடப்பக்க இருக்கைகளிலும் மருமகன் கோஷ்டி வலப்பக்க இருக்கைகளிலும் ஏறிக்கொண்டது. நடுவில் தலைவர், பக்கத்தில் அமைச்சர். தலைவர் ஒலிபெருக்கியில் பேசினார்: "நான் இருக்கும் வரை இந்த நாட்டில் ஒரு பெண்ணும் இருட்டில் நடக்க மாட்டாள். ஏனென்றால் நான் இருக்கும் இடத்தில் இருட்டே இல்லை." மேசை இல்லாததால் முன் இருக்கையின் முதுகைத் தட்டினார்கள்.

பஸ் ஆலை வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. ஆலை ஜன்னல்களில் எல்லாம் பெண்கள் முகமாக இருந்தது. அமைச்சர் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடினார். மூன்றாவது மாடியில் மனைவி நின்றாள். கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். அந்த ஒரு நொடி அவருக்கு எல்லாப் பாடும் தீர்ந்த மாதிரி இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்ளட்டும், பாவம்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டில் தங்கினார். வாசலில் இரண்டு காவலர், தெரு முனையில் ஜீப். அண்டை அயல் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தால் யார் என்ன என்று எழுதி வாங்கினார்கள். மனைவி சோறு போட்டபடி கேட்டாள்.

"நாளைல இருந்து வருமா?"

"வரும். அஞ்சு மணிக்குத் தெரு முனைல நில்லுங்க."

அவள் அடுத்த வீட்டு மருமகளிடம் சுவர் மேலாக எட்டிச் சொன்னாள். அந்தப் பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள். தெருவே அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்ற சந்தோஷத்தோடு படுத்தது.

விடிவதற்கு முன்னால் தெரு முனையில் பெண்கள் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கோடு நின்றார்கள். அமைச்சரும் அந்த அழகைப் பார்க்கலாம் என்று குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அவரைக் கண்டதும் பெண்கள் கொஞ்சம் விலகி நின்றார்கள். பஸ் வரவில்லை. வரும் வரும் என்றார். ஒரு லாரி வந்தது, போயிற்று. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களே ஒழிய ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பென்றால் 'ஏன் கத்திரி, உன் பஸ் பஞ்சராயிடுச்சா?' என்று யாராவது வாயாடியிருப்பார்கள். அவர் செயலாளருக்குப் போன் போட்டார். செயலாளர் தூக்கத்திலும் பணிவாகத்தான் பேசினார். அந்தப் பஸ் அடுத்த தொகுதியில் தொடக்க விழாவுக்குப் போயிருக்கிறது ஐயா, பூவெல்லாம் வாடுவதற்குள் இன்னும் நான்கு ஊரில் தொடங்கி வைக்க வேண்டும், உங்கள் ஊர்த் திட்டம் நேற்றே நிறைவேறிவிட்டது, வாழ்த்துகள்.

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டார். நேரம் ஓடிவிட்டிருந்தது. இனி ஓட்டமும் நடையுமாகப் போனால்தான் கதவைப் பிடிக்கலாம். மனைவி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வண்டில ஏறு," என்றார் அவர், பின்னால் நின்ற தன் அரசாங்க வண்டியைக் காட்டி.

"எல்லாரையும் ஏத்துவாங்களா?"

அவர் ஜீப்போடு வந்திருந்த காவல் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி இல்லை என்று தலையை ஆட்டினார். அமைச்சர் வண்டியில் வெளியாள் ஏறக் கூடாது, அது விதி. மனைவி வேண்டுமானால் ஏறலாம். மனைவி அடுத்த வீட்டு மருமகளின் கோலைப் பார்த்தாள். அப்படியானால் நாங்கள் நடக்கிறோம் என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நடக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. பஸ்தான் கொடுக்க முடியவில்லை, கூட நடக்கவாவது நடக்கலாமே. பேசிக்கொண்டே போகலாம். எத்தனை நாளாயிற்று ஒரு மனிதரோடு பேசிக்கொண்டு நடந்து. அவர் செருப்பை நன்றாக மாட்டிக்கொண்டு சாலையில் இறங்கி மனைவியின் பக்கத்துக்கு எட்டி நடந்தார்.

விசில் ஊதியது. ஜீப்பிலிருந்து காவலர்கள் குதித்தார்கள். ஜீப்பின் பின்னால் எப்போதும் இருக்கிற கயிற்றை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, பெண்களைச் சாலை ஓரத்துப் பள்ளத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தூக்குகள் ஒன்றோடு ஒன்று மோதின. கோல் வைத்திருந்த பெண் தடுமாறினாள். மனைவி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

அமைச்சர் பதறிப்போய் அதிகாரியிடம் ஓடினார். என்ன அநியாயம் இது, அவர்களை விடுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் என்றார். அதிகாரி விறைப்பாகச் சல்யூட் அடித்தார்.

"ஐயா வண்டில போனா பயணம். நடந்தா நடைபயணம். நடைபயணத்துக்கு ரெண்டு பக்கமும் கயிறு பிடிச்சு, ஐயா கடக்கற வரைக்கும் யாரையும் அசைய விடக் கூடாது. விட்டா எங்க வேலை போயிடும்."

அப்படியானால் நான் நடக்கவில்லை, வண்டியில் ஏறிக்கொள்கிறேன் என்றார். ஆரம்பித்த நடைபயணத்தைப் பாதியில் நிறுத்தினால் அதற்கு விளக்கம் எழுத வேண்டும், எழுதி முடிக்கிற வரை கயிறு இப்படியேதான் இருக்கும் என்று அதிகாரி சொன்னார். அமைச்சர் கயிற்றின் இந்தப் பக்கம் நின்றார். மனைவி அந்தப் பக்கம் நின்றாள். கிழக்கே லேசாக வெளுத்துக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பெண்ணும் அவர் வாயைப் பார்த்தாள். ஒருத்தி மெதுவாக அழ ஆரம்பித்தாள்; இந்த மாதம் அவள் ஏற்கெனவே பிந்தியிருந்தாள்.

அவர் கயிற்றுக்கு மேலாகக் கையை நீட்டி மனைவியின் கையைப் பிடிக்கப் போனார். அவள் கையைக் கொடுக்கவில்லை. கோபம் என்றும் சொல்வதற்கில்லை. அவள் குரல் தாழ்ந்து, சவரக்காரர் கண்ணாடி பிடித்த அன்று பேசிய மாதிரி இருந்தது.

"நீங்க போங்க ஐயா. நீங்க போனாத்தான் எங்கள விடுவாங்க."

அவர் நடந்தார். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் ஓட்டமாக. எவ்வளவு சீக்கிரம் தொலைகிறோமோ அவ்வளவு சீக்கிரம் அவர்களுக்கு விடுதலை என்று ஓடினார். அத்தனை பெரிய சாலையில் அவரைத் தவிர ஒரு ஈ காக்காய் இல்லை. லாரிகளைக்கூட நிறுத்தி வைத்திருந்தார்கள். பின்னால் ஜீப் விளக்கை எரியவிட்டு ஊர்ந்து வந்தது. இடையிடையே திரும்பிப் பார்த்தார். தூரத்தில் கயிறும் அதற்குப் பின்னால் ஒரு வரிசையும் கொஞ்ச நேரம் தெரிந்தது. அப்புறம் சாலை வளைந்துவிட்டது.

அமைச்சர் வருகிற செய்தி அதற்குள் ஆலைக்குப் போயிருந்தது. மேலாளர் பூங்கொத்தோடு வாசலில் நின்றார். அமைச்சர் மூச்சு வாங்க உள்ளே காலெடுத்து வைத்ததும் ஆறு மணிச் சங்கு ஊதியது. காவலாளி வழக்கப்படி கதவை இழுத்துச் சாத்தினான். அவர்கள் வருகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று அமைச்சர் சொல்லிப் பார்த்தார். மேலாளர் சிரித்துக்கொண்டே, இங்கே நேரம் என்றால் நேரம்தான் ஐயா, உங்களை மாதிரி எல்லாரும் இருந்துவிட்டால் எங்களுக்கு என்ன கவலை என்றார். வருகைப் பதிவில் பெருமையாக எழுதியும் வைத்தார். அன்றைக்கு அந்தத் தெருவிலிருந்து ஆலைக்கு நேரத்தோடு வந்து சேர்ந்தவர் அமைச்சர் ஒருவர்தான்.